கேமரா காட்டிய நிறம், லைட்ரூம் காட்டும் நிறம்

லைட்ரூமில் ரா கோப்புகளை இறக்கியவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். படம் வந்து விழும்போது பளிச்சென்று இருக்கும். ஒன்றிரண்டு நொடியில் கண் முன்னாடியே நிறம் மாறிவிடும். இப்பதானே நல்லா இருந்துச்சு என்று தோன்றும்.

பிழை ஒன்றும் இல்லை. ரா கோப்புக்குள் கேமராவே செய்து வைத்த ஒரு ஜேபெக் இருக்கிறது. முதலில் தெரிவது அது. அப்புறம் லைட்ரூம், சென்சார் தரவிலிருந்து தன் கணக்குப்படி படத்தைப் புதிதாகச் செய்கிறது. அந்தக் கணக்கின் பெயர் முன்பு அடோபி ஸ்டாண்டர்ட், 2018 முதல் அடோபி கலர்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து: கேமரா மேட்சிங் ப்ரொஃபைலை ஒரு ப்ரீசெட்டாகச் சேமித்து, இறக்கும்போதே போட்டுவிடு. நானும் அதைத்தான் செய்தேன். பயணப் படம், வீட்டு விசேஷம் என்றால் இன்றும் அதுதான். கேமராத் திரையைப் பார்த்துத்தானே போதும் என்று முடிவு செய்தோம், அதே இடத்திலிருந்து தொடங்குவது நியாயம்.

ஆனால் ப்ரீசெட்டில் ப்ரொஃபைலை மட்டும் டிக் செய்யுங்கள். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் எல்லாம் சேர்ந்து வந்தால் இறக்குகிற அத்தனை படத்திலும் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். சொல்லப்போனால் ப்ரீசெட்டே வேண்டாம். 2020 பிப்ரவரியில் வந்த லைட்ரூம் கிளாசிக் 9.2 முதல், ரா டிஃபால்ட்டில் ‘கேமரா செட்டிங்ஸ்’ என்று தேர்ந்தெடுத்தால் போதும், ஒவ்வொரு படத்துக்கும் கேமராவில் வைத்திருந்த ஸ்டைல் தானாக வரும். (கேமராவை மோனோகுரோமில் மறந்து விட்டிருந்தால் கருப்பு வெள்ளையாக வரும். பயப்படாதீர்கள், நிறம் உள்ளே பத்திரமாக இருக்கிறது.)

எனக்குக் குறை அந்த ‘மேட்சிங்’ என்ற பெயர்மேல்தான். இவை அடோபி செய்த நகல்கள். நிறத்தையும் கான்ட்ராஸ்டையும் நெருங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். கேனனின் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானின் ஆக்டிவ் டி-லைட்டிங் செய்யும் வேலை இதில் வராது. டி-லைட்டிங் சமயங்களில் வெளிச்சத்தைக் குறைத்தே எடுக்கும், லைட்ரூமில் படம் இருட்டாகத் தெரிய அதுவும் ஒரு காரணம்.

அதைவிடப் பெரிய விஷயம், கேமராவோடு பொருந்தினால் பொருளோடு பொருந்திவிட்டது என்று நான் நம்பியது. பழைய புத்தக அட்டைகளைப் படமெடுத்துச் சேர்ப்பவன் நான். கேமரா ஸ்டாண்டர்டில் ஒரு செங்காவி அட்டை திரையில் புத்தம்புதுசு மாதிரி ஜொலித்தது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெளிறிக் கிடக்கிறது. அந்த வெளிறல்தான் எனக்குப் பதிவாக வேண்டிய தகவல். அதைக் கேமராக்காரனின் ரசனை அழகுபடுத்தித் தந்திருக்கிறது, நானும் அதையே ஆவணம் என்று வருஷக்கணக்கில் சேமித்திருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு அமர்விலும் முதல் படம் 24 கட்டக் கலர்செக்கர் அட்டைக்கு. அதிலிருந்து செய்த ப்ரொஃபைல்தான் புத்தகங்களுக்கு. பழைய கோப்புகளில் ரா இருப்பவற்றுக்கு ப்ரொஃபைலையாவது மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஜேபெக்காக மட்டும் வைத்தவற்றை, புத்தகம் கையில் இருந்தால், திரும்ப எடுக்க வேண்டும்.