வையைக் கரையில் புதியவர்

ஒரு நகரின் ஆறும் அகழியும் ஏரியும் அந்நகரத்தார்க்கு ஒரு பொருளும், வெளியூரினின்று வந்து காண்பார்க்கு வேறொரு பொருளும் தருவன. ஊரார் நீரைப் பருவந்தோறும் கண்டு பழகியவர். வந்தாரோ தாம் கண்ட பொழுதின் அளவே அதனை அறிவர். இவ்வேறுபாட்டை மிக நுண்ணிதாக ஆண்ட இடங்களுள் ஒன்று சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரி இறுத்த காதை என்பது எம் கருத்து. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குப் புதியவராய் வருகின்றனர். முதற்கண் வையையையும், பின்னர் மதில் சூழ்ந்த அகழியையும் காண்கின்றனர். இவ்விரு காட்சிகளையும் இயற்கைப் புனைவு எனப் பாராட்டிய அளவில் நின்றுவிடுவோர் உளர். வையையின் மலர்ப் பகுதியை மட்டும் தனியே பிரித்து மாணவர்க்குப் பயிற்றுவதும் உண்டு. அவ்வாறு பிரிக்குமிடத்துக் காப்பியத்தின் கதைப்போக்கில் ஒரு கண்ணியே அறுந்து போகின்றது. அஃது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஊரார் நோக்கில் வையை எத்தகையது என்பதைப் பரிபாடல் காட்டும். வையை பற்றி 26 பாடல்கள் இருந்தன எனப் பழைய வெண்பா ஒன்று கூறும். இன்று நமக்குக் கிடைப்பன எட்டே. அவற்றுள் வையை, பார்த்து நிற்கும் பொருளாக அமையவில்லை. மக்கள் இறங்கித் திளைக்கும் பொருளாகவே அமைந்துள்ளது. மலையில் மழை பெய்கின்றது, புதுப்புனல் பெருகுகின்றது, பறை முழங்குகின்றது, நகரமே கரைக்கு விரைகின்றது. இளைஞரும் மகளிரும் ஆடிய நறுமணப் பொருள்கள் கலந்தமையால் நீர் தன் தூய்மை இழந்ததென்று அந்தணர் ஆட மறுத்ததும் ஆங்குப் பேசப்படும். காதலர் ஊடலும் அந்நீரிலேயே தோன்றி அந்நீரிலேயே தணியும். இவற்றுள் எம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. வெள்ளம் சுமந்து வரும் மலர்கள் மதுரை மாந்தர்க்கு வெறும் அழகுப் பொருள்கள் அல்ல. மேற்கே மலையில் நிகழ்ந்ததை அறிவிக்கும் செய்திகள். ஆற்றின் மேற்பரப்பைப் படிக்கத் தெரிந்தவர் அவர்.

இனி இளங்கோவடிகள் வையையைக் காட்டும் முறையைக் காண்போம். புலவர் நாவில் வாழ்பவள் என்னும் கருத்துப்பட அடிகள் அவளை அறிமுகம் செய்கின்றார். பரிபாடற்கும் சிலம்பிற்கும் இடையேயுள்ள கால முறை பற்றிய வழக்கினுள் யாம் ஈண்டுப் புகவில்லை. வையையைப் பாடும் மரபு ஒன்று முன்னரே நிலைபெற்றிருந்தது என்பதை அவ்வறிமுகமே உணர்த்தும். அம்மரபை நினைவூட்டிய பின்னரே அடிகள் அதனின்று விலகுகின்றார். குரவும் கோங்கும் வேங்கையும் மருதும் பூத்த கரைகள். முல்லை பல்லாக, கயல் கண்ணாக, அறல் கூந்தலாக அமைந்த நங்கை. அந்நங்கை கண்ணகிக்கு உறப்போவதை அறிந்தவள் போல மலராடையைப் போர்த்துத் தன் கண்ணீரை மறைத்துக்கொள்கின்றாள். அடுத்த கணமே கண்ணகியும் கோவலனும் இது நீராறு அன்று, பூவாறு என்று வியந்து தொழுகின்றனர்.

இவ்விரண்டு செய்திகளும் அடுத்தடுத்து அமைந்தமை தற்செயலன்று. எந்த மலர்ப்பரப்பு துயரத்தை மறைப்பதற்கென்று போர்க்கப்பட்டதோ, அதுவே புதியவர்க்கு வியப்பாகின்றது. அவர் வியப்பு பொய்யன்று. ஆறு மெய்யாகவே அழகியது. ஆயின் அழகு முழுமையுற்ற இடத்திலேயே மறைப்பும் முழுமையுறுகின்றது. மலர்ப் பகுதியை மட்டும் படித்து அமைபவர், அறியாமலே, அவ்விருவர் நின்ற இடத்திலேயே தாமும் நிற்பவராவர்.

காதையின் வரிசை முறையும் நோக்கத்தக்கது. ஆற்றை அடையுமுன் கோவலன் வழியிடைப் பாணரைக் கண்டு அவரோடு யாழிசைத்து மகிழ்ந்து, மதுரை எத்துணைத் தொலைவினது என வினவுகின்றான். நகரின் நறுமணம் சுமந்து வரும் தென்றலையே சான்றாகக் காட்டி, நகர் அணிமையது என்கின்றனர் பாணர். தனியே சென்றாலும் வழியில் தடுப்பார் எவருமிலர் என்றும் உறுதி கூறுகின்றனர். நிலத்தை நன்கறிந்தவர் சொல் அது. அரசன் காவலின் சிறப்பை நோக்க மெய்யும் ஆகும். ஆனால் காதை மேலே செல்லச் செல்ல, மக்கள் சொல்லாத ஒன்றை நீர் சொல்லத் தொடங்குகின்றது.

ஆற்றைக் கடக்கும் முறையிலும் ஒரு குறிப்பு உளது. நாடுகாண் காதையில் இம்மூவரும் காவிரியைக் கடந்தபோது நீரணி மாடம் எனப்படும் ஓடத்தில் நெடுந்துறை வழியே சென்றனர். அது சோழநாடு, அவர்தம் சொந்த நாடு. வையையில் குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் உடைய ஓடங்கள் பெருந்துறையில் இயங்குகின்றன. எனினும் அத்துறையை விடுத்து மரப்புணையொன்றில் ஏறித் தென்கரை சேர்கின்றனர். பெருந்துறையின் ஆரவாரம் ஊரார்க்கும் செல்வர்க்கும் உரியது. ஒதுங்கிச் செல்வது புதியவரின் நிலை. இதனை நிறுவச் சிலம்பினுள்ளேயே சான்று உண்டு. அடுத்ததாகிய ஊர்காண் காதையில், மதுரையின் செல்வர் மகளிரோடு நீர்மாடமும் நாவாயும் செலுத்தி, பூம்புணை தழுவி, அதே வையையில் புனலாடுவதை அடிகள் பாடுகின்றார். ஒரே ஆறு, ஒரே புலவர், அடுத்தடுத்த காதைகள். ஊரார் நீருள் ஆடுகின்றனர். வந்தார் நீரைத் தொழுது கடக்கின்றனர்.

தென்கரை சேர்ந்தவர் காவற்காடு சூழ்ந்த அகழியின் புறத்தே செல்கின்றனர். ஆங்கும் மலர்களே: குவளை, ஆம்பல், தாமரை. ஆனால் ஆற்றில் கண்ணீரை மறைத்த மலர், அகழியில் தானே கண்ணீர் சிந்துகின்றது, காற்றில் நடுங்குகின்றது, வண்டுகள் இரங்கி ஏங்குகின்றன. மதில்மேற் கொடிகளோ வாராதீர் என்று கைகாட்டி விலக்குகின்றன. தடுப்பார் எவருமிலர் என்ற பாணர் சொல்லுக்கு இஃது எதிர்ச்சொல்லாக நிற்பதை உணர்தல் வேண்டும். ஆற்றில் மறைந்த குறிப்பு, அகழியில் வெளிப்பட்ட குறிப்பாகி, மதிலில் சைகையாகவே முற்றுகின்றது. நகரை நெருங்குந்தோறும் எச்சரிக்கை தெளிவாகின்றது. வருபவர் நடையோ மாறவில்லை.

இவையெல்லாம் தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நிகழ்வதன்மேல் புலவன் தன் குறிப்பை ஏற்றினான். அதற்குமேல் பொருள் காண்பது மிகை எனச் சிலர் கூறலாம். அணியின் பெயர் அதுவே என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயரிட்ட அளவில் திறனாய்வு முடிந்துவிடுவதில்லை; அவ்வணி கதையில் என்ன தொழில் செய்கின்றது என்ற வினா எஞ்சி நிற்கும். மிதிலைக்கு வரும் இராமனை அந்நகரக் கொடிகள் விரைந்து வருக என அழைப்பதாகக் கம்பர் பாடினார். ஆங்கு அழைப்பும் வருபவன் பெறும் பேறும் ஒத்துச் செல்கின்றன; கொடி சொல்வதை இராமன் உணரானாயினும் இழப்பொன்றுமில்லை. சிலம்பில் கொடி சொல்வதும் வருபவர் செய்வதும் மாறுபடுகின்றன. ஆறு அறியும், அகழி அறியும், புலவர் அறிவார், அவர்வழிக் கற்பவரும் அறிவர், அறியாதார் உயிரை இழக்கவிருக்கும் அவ்விருவரே. அணி ஒன்றாயினும் தொழில் வேறு என்க. கோவலன் கொலையுறுவதற்கு மூன்று காதைகள் முன்னரே, அவன் மகிழ்ச்சியின் நடுவே அடிகள் அவலத்தை நட்டுவிடுகின்றார்.

கோவலன் ஏன் இதனை உணரவில்லை? அவனை அறிவிலி எனப் பழித்தல் பொருந்தாது. புகாரில் கடலாடிய நாளில் அவனும் ஊரானே. கானல் வரியில் நீரை முன்னிட்டு எழுந்த ஒவ்வொரு சொல்லிலும் உட்பொருள் தேடினான். தேடிய மிகுதியால் மாதவியைப் பிரிந்தான். சொந்த ஊர்க் கரையில் இல்லாத குறிப்பைக் கற்பித்துக்கொண்டவன், பிறர் ஊர்க் கரையில் உள்ள குறிப்பைக் காணாது போகின்றான். இம்முரண் காப்பிய அமைப்பின் ஆழங்களுள் ஒன்று. வையைக் காட்சியைத் தனித்த இயற்கைப் பாட்டாகக் கொண்டால் இது புலப்படாது.

இன்று மதுரை செல்வார் அந்நீரைக் காண்டல் அரிது. 1895ஆம் ஆண்டு முதல் பெரியாற்று நீர் வையைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. நகரினூடே ஆற்றுப்படுகை பல திங்கள் வறண்டு மணலாய்க் கிடக்கின்றது. பிற்காலக் கோட்டையின் அகழியும், 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிளாக்பர்ன் என்னும் ஆட்சித் தலைவர் காலத்தில் மதில் இடிக்கப்பட்டபோது தூர்க்கப்பட்டது. வெளி வீதிகள் அதன் எல்லையைக் குறித்து நிற்கின்றன. அவ்வகழியைச் சிலம்பின் அகழியோடு ஒன்றெனக் கொள்வதற்கில்லை. ஆதலின் அடிகள் காட்டிய புனலுக்கு இன்று கற்பவர் அனைவரும் புதியவரே. நூலின் வழியே அன்றி அதனை அடைய நமக்கு வேறு துறையில்லை.

இக்காதையைப் பயிற்றுவோர், மலர்களின் பெயரோடு நில்லாது, பாணர் சொல் முதல் மதிற்கொடி வரை உள்ள பகுதியை ஒரே தொடராகக் கொண்டு கற்பித்தல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள். புனலாட்டைப் பாடும் ஊர்காண் காதைப் பகுதியையும் உடன்வைத்துக் கற்பின், ஒரு நகரின் நீரை இருவேறு கண்கள் கண்ட முறையை மாணவர் தாமே உணர்வர்.