பிளஸ் அந்தப் பக்கம் போனால்

பத்தாம் வகுப்பு, ஜனவரி மாதம். பாடமெல்லாம் முடிந்து திருப்புதல் ஓடிக்கொண்டிருந்தது. கரும்பலகையில் (x − 2)(x − 3) = 2 என்று எழுதி, x என்ன என்று கேட்டேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே மாதிரி செய்தார்கள்: x − 2 = 2, x − 3 = 2, ஆகவே x = 4, 5. வலப்பக்கம் பூச்சியம் இருந்தால் செய்கிற வேலையை 2 இருக்கும்போதும் செய்துவிட்டார்கள். தப்பு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு பையன் எழுந்தான். "சார், 4 போட்டுப் பார்த்தேன், சரியா வருது." வரத்தான் செய்கிறது: 2 × 1 = 2. ஆனால் 5ஐப் போட்டால் 3 × 2 = 6. சரியான விடைகள் 1, 4. தப்பான வழியில் போனவர்களுக்கு ஒரு விடை தற்செயலாக அகப்பட்டிருந்தது.

அரையாண்டுத் தேர்வில் இருபடிச் சமன்பாட்டுக் கணக்கை இதே வகுப்புதான் சுத்தமாகப் போட்டிருந்தது. அப்படியானால் அதுவரை நான் கொடுத்த செயல்பாடு, வினாத்தாள், கையேடு எல்லாம் எதைத்தான் கற்றுக்கொடுத்தன? அன்றைக்கே வேறொரு மாணவி கேட்ட கேள்வியில் பதில் இருந்தது. "இது எந்த எக்சர்சைஸ் சார்?" பயிற்சி எண்ணைச் சொல்லிவிட்டால் வழி தெரிந்துவிடும். மூன்றாம் இயலில் ஒரு பயிற்சி முழுக்கக் காரணிப்படுத்தல், அடுத்தது சூத்திரம், இன்னொன்று தன்மைகாட்டி. எந்த வழி என்று முடிவு செய்யும் வேலையைப் புத்தகமே செய்து கொடுத்துவிடுகிறது. மாணவனுக்கு மிஞ்சுவது கைவேலை.

இயற்கணிதம் கற்பிக்கும் எந்தச் சாதனத்தையும் நான் இந்த ஒரு கேள்வியால்தான் எடைபோடுவேன்: வழியைத் தேர்ந்தெடுப்பது யார்?

முதலில் கையேடு. 'மெல்ல மலரும் மாணவர்களுக்கு' என்று பெயரிட்டுத் தேர்வுக்கு முன்பு பள்ளிகளில் சுற்றும் அந்த மெலிந்த நகல் கட்டு. அதைக் கேலி செய்வது எளிது. அதற்கு முன் அதன் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். வினாத்தாள் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண்ணில் பதினான்குக்குப் பத்து, ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே. கடைசியில் எட்டு மதிப்பெண் இரண்டு: வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. தேர்ச்சிக்கு 35. எட்டும் எட்டும் பதினாறு. இயலின் கடைசியில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களை உருப்போட்டுப் பத்து கிடைத்தால் 26. அணிக் கூட்டல், கார்ட்டீசியன் பெருக்கல், நிகழ்தகவு என்று ஐந்து இரண்டு மதிப்பெண் சேர்ந்தால் 36. கையேடு தயாரித்தவர் முட்டாள் அல்ல. வினாத்தாளை நன்றாகப் படித்தவர்.

ஆனால் அந்தப் பதினாறில் பாதியான வரைபடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். y = x² − 4x + 4. அட்டவணை போடு, x வரிசை, x² வரிசை, −4x வரிசை, 4, கூட்டினால் y. மூலையில் அளவுத்திட்டம் எழுது. புள்ளிகளைக் குறித்துச் சேர். இந்தச் சடங்கைக் கையேடு அடி பிசகாமல் சொல்லித்தரும். என் மாணவன் ஒருவன் எல்லாவற்றையும் செய்தான். ஒரே ஒரு பிழை: குறை எண்ணின் வர்க்கத்தையும் குறையாகவே எழுதினான். x = −1க்கு 7, −2க்கு 8, −3க்கு 7 என்று வந்தது (வரவேண்டியவை 9, 16, 25). கிண்ணம்போல் நிமிர வேண்டிய வளைவு இடப்பக்கம் குன்றுபோலக் கவிழ்ந்தது. புள்ளிகளை அழகாகச் சேர்த்து, பென்சிலைச் சீவி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் குன்று அவனுக்கு உறுத்தவே இல்லை. இருபடிச் சமன்பாட்டின் படம் எப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்பே மனதில் இல்லாதவனுக்கு எது உறுத்தும்?

கையேட்டுக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. தீர்த்துக் காட்டிய கணக்கைப் படிப்பது வீண் அல்ல. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் இயற்கணிதத்திலேயே இதைச் சோதித்து 1985இல் எழுதினார்கள்: புதிதாகக் கற்பவர்கள் தாமாக முட்டி மோதுவதைவிட, தீர்த்த கணக்கு ஒன்றைப் படித்து அதேபோன்ற ஒன்றைப் போடுவது அதே வகைக் கணக்குகளுக்கு வேகமாகப் பலன் தந்தது. ஆகவே கோளாறு தீர்த்துக் காட்டியதில் இல்லை. கையேடு அதோடு நின்றுவிடுகிறது. கடைசிப் படியை மறைத்து 'நீ முடி' என்று சொல்லும் இடம் அதில் வருவதே இல்லை. ஆனாலும் 35 வாங்காமல் போகும் பிள்ளைக்குப் பிளஸ் ஒன் கதவு அடைபடுகிறது. அதைத் தெரிந்துகொண்டு கையேட்டைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எதிர்முனையில் இருப்பது வண்ண அட்டை. தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கித் தொடக்கப் பள்ளிகளெங்கும் போனது. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்று பெயர் வைத்தார்கள். ஒன்பது, பத்துக்கு வரும்போது அது கண்காட்சி மேசையோடும் பார்வையாளர் வரும் நாளோடும் நின்றுபோனது. இயற்கணித ஓடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சதுரம் x², பட்டை x, சிறு சதுரம் 1. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையிலேயே வெட்டிவிடலாம். ஒரு பெரிய சதுரம், ஐந்து பட்டை, ஆறு சிறு சதுரம் கொடுத்துச் செவ்வகம் ஆக்கச் சொன்னால், பக்கங்கள் x + 2, x + 3 என்று பிள்ளைகள் கையாலேயே கண்டுபிடிக்கிறார்கள். காரணிப்படுத்தல் என்றால் இரண்டு எண்ணைத் தேடும் மந்திரம் அல்ல, ஒரு செவ்வகத்தின் பக்கங்களைத் தேடுவது என்று அப்போது புரிகிறது. இங்கே வழியைத் தேர்ந்தெடுப்பவர் மாணவர்தான், ஐயமில்லை.

ஆனால் வெட்டுகிறவர் கவனமாக இருக்க வேண்டும். முதல் முறை நான் பட்டையைச் சரியாக ஐந்து சிறு சதுர நீளத்துக்கு வெட்டிவிட்டேன். ஒரு பெண் சதுரங்களைப் பக்கத்தில் அடுக்கிப் பார்த்து நோட்டில் x = 5 என்று எழுதினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நான் கொடுத்த x உண்மையிலேயே 5தான். அதற்குப் பிறகு ஐந்தும் இல்லாமல் ஆறும் இல்லாமல் வெட்டுகிறேன். இன்னொரு எல்லையும் இருக்கிறது. x² − x − 6 வந்ததும் எதிர்நிறப் பட்டை, ஒன்றை ஒன்று அடித்துவிடும் ஜோடி என்று விதிகள் பெருகி, ஓடுகளே ஒரு தனிப் பாடமாகிவிடும். 64x⁴ − 16x³ + 17x² − 2x + 1க்கு வர்க்கமூலம் காணும் பத்தாம் வகுப்புக்காரனுக்கு அட்டையில் இடமே கிடையாது. சமன்பாட்டை விளக்க நாம் காட்டும் தராசும் அப்படித்தான்; x + 3 = 7 வரை தாங்கும், x + 7 = 3 என்றதும் தட்டில் எதை வைப்பது?

அந்த இடத்தில்தான் நாம் எல்லாரும் ஒரு வரியைக் கையில் எடுக்கிறோம்: பிளஸ் அந்தப் பக்கம் போனால் மைனஸ். திருப்புதல் சாதனங்களிலேயே மிகச் சிறியது அது, மிக அதிகமாக விற்றதும் அதுதான். அதன் பலன் 3x = 12 என்றால் x = 9 என்று எழுதும் கை. மூன்று அந்தப் பக்கம் போனது, மைனஸ் ஆனது. விதிப்படி எல்லாம் சரி. இதற்கு உறவுக்காரன்தான் 3a என்றால் மூன்று ஆப்பிள், 2b என்றால் இரண்டு வாழைப்பழம் என்று ஆரம்பிப்பது. டீட்மார் கூக்கமான் 1970களில் இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, எழுத்தை எண்ணாகப் பார்க்காமல் பொருளாகப் பார்க்கும் பழக்கத்தைத் தனி வகையாகவே பிரித்துக் காட்டினார். a ஆப்பிளாகிவிட்டால் ab என்ன, ஆப்பிளும் வாழைப்பழமும் பெருக்கினால் வருவதா? இந்த இரண்டு வரிகளுக்கும் என் வகுப்பில் இடம் இல்லை. கையேட்டுக்குக் காட்டும் கருணையை இவற்றுக்குக் காட்ட மாட்டேன்.

2019இல் வந்த நம் பாடநூலைச் சொல்லாமல் விட முடியாது. அதன் செயல்பாட்டுப் பெட்டிகள் ஒரே தரம் அல்ல. அணிகள் பகுதியில் நாட்காட்டித் தாளை எடுத்து, தேதிகளைக் கொண்டு அணிகள் அமைக்கச் சொல்கிறது ஒரு பெட்டி. அணியின் வரிசை என்ன என்பது மனதில் பதியும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இரண்டு அணிகளை ஏன் அப்படி விசித்திரமாகப் பெருக்குகிறோம் என்பதுதானே பிள்ளைகளின் நிஜமான சந்தேகம்? அந்தத் தேதிகள் அதைத் தொடவே இல்லை. இருபடிச் சமன்பாட்டில் மீன்களுக்குத் தீனி போடும் பெட்டி வேறு ரகம். மீன் சமன்பாடு, தீனி மூலங்கள். தீனி கிடைக்காத மீன் எது என்று கேட்கிறது. பார்க்கக் குழந்தைத்தனமாக இருக்கும். ஆனால் மிஞ்சிய மீனைப் பற்றி மாணவன் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது: தீனியைப் படத்தில் போட மறந்தார்களா, அதற்கு மெய்யெண்ணில் தீனியே இல்லையா? பெரும்பாலான வகுப்புகளில் இந்தப் பெட்டியை வீட்டில் செய்துகொள்ளுங்கள் என்று தாண்டிவிடுகிறோம். நானும் தாண்டியிருக்கிறேன். ஜியோஜீப்ரா மென்பொருளில் படத்தை இழுத்துக் காட்டும் இணையச் செயல்பாடும் நல்லதுதான், இழுப்பதற்கு முன்பு 'எங்கே போகும்?' என்று எழுதச் சொன்னால் மட்டும்.

இனி நான் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கோவை, x² − 5x + 6. அதன் கீழே ஐந்து கேள்வி. காரணிப்படுத்துக. = 0 எனில் தீர்க்க. x − 2ஆல் வகுத்துச் சுருக்குக. அதன் வரைபடம் x அச்சை எங்கே வெட்டும்? = 2 எனில் தீர்க்க. பயிற்சி எண் கிடையாது, தலைப்பும் கிடையாது. முதல் நாள் இந்தத் தாளைக் கொடுத்தபோது மூன்றாம் கேள்விக்கு விடை x − 3 என்று எழுதியவர்கள் குறைவு; x = 2, 3 என்று எழுதியவர்கள்தான் நிறைய. சமன்பாடு எது, கோவை எது என்ற வித்தியாசமே ஆறு மாதமாகச் சொல்லப்படாமல் கிடந்தது அன்று வெளிப்பட்டது. வேறெந்தக் கையேடும் வினா வங்கியும் அதை எனக்குக் காட்டவில்லை. முதல் பத்தியில் சொன்ன கணக்கு இந்தத் தாளின் கடைசிக் கேள்விதான், வேறு உடுப்பில்.

பலவகைக் கணக்குகளைக் கலந்து கொடுப்பதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டக் ரோரரும் கூட்டாளிகளும் 54 ஏழாம் வகுப்புகளில் பார்த்தார்கள். முடிவு 2020இல் வெளியானது. ஒரு சாராருக்கு ஒரே வகைக் கணக்கு வரிசையாக, மற்றவர்களுக்கு அதே கணக்குகள் கலந்து. ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாத தேர்வு: கலந்து போட்டவர்கள் சராசரி 61 சதவீதம், வரிசையாகப் போட்டவர்கள் 38. ஏழாம் வகுப்புக்கும் நம் பத்துக்கும் தூரம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கலப்புத் தாள் நேரத்தையும் தின்னும். வழக்கமான பத்துக் கணக்கு முடியும் நேரத்தில் இதில் ஐந்து முடிந்தால் பெரிது. பிள்ளைகளுக்கும் பிடிப்பதில்லை, முதல் சில வாரங்களில் மதிப்பெண் இறங்கும், பெற்றோர் கூட்டத்தில் அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டும் நாளில் இறங்கிய எண்தான் முதலில் கண்ணில் படும். இத்தனைக்கும் பிறகும் தட்டு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

ஆகவே என் ஏற்பாடு இது. ஓடுகள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மூன்று பீரியட்; பத்தில் அலமாரியில். நாட்காட்டியை விட்டுவிடலாம், மீனுக்குக் கட்டாயம் தீனி போட வேண்டும். வாரம் ஒரு கலப்புத் தாள், ஜூலையிலிருந்து. அதில் பாதிக் கணக்கு முந்தைய இயல்களிலிருந்து. மெல்ல மலர்பவர்களுக்கான கையேடு பிப்ரவரியில், பெயர் குறித்த சிலருக்கு மட்டும். அதிலும் வரைபடப் பக்கத்தில் அட்டவணைக்கு மேலே ஒரு கட்டம் வரைந்து வைத்திருக்கிறேன்: படம் கிண்ணமா, கவிழ்ந்த கிண்ணமா, புள்ளி வைப்பதற்கு முன்பே எழுது. கடையில் வாங்கிய கைடு எப்படியும் மேசைக்கு அடியில் இருக்கும். அதைப் பிடுங்க நான் போவதில்லை.