தழும்பால் தெரிந்துகொண்டவர்கள்: சேலம்–நாமக்கல் சமவெளியின் கிறிஸ்தவச் சிந்தனை எழுத்து

உயிர்த்தெழுந்த இயேசுவை அவருடைய சொந்த ஆட்களுக்கே அடையாளம் தெரியவில்லை. சுவிசேஷங்கள் இதை மறைக்கவில்லை. கல்லறை வாசலில் அழுதுகொண்டு நின்ற மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். எம்மாவு ஊருக்குப் போன இருவர் வழியெல்லாம் அவரோடு பேசிக்கொண்டே நடந்தும் யாரென்று கண்டுகொள்ளவில்லை. ஆணித் தழும்பைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று தோமா பிடிவாதம் பிடித்தான். முகத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல், அப்பத்தைப் பிட்ட கை, உடம்பில் இருந்த காயம் ஆகிய மூன்றும்தான் ஆளைக் காட்டிக்கொடுத்தன.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் கடைசித் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பசித்தவனுக்குச் சோறிட்டவர்களும் சரி, இடாதவர்களும் சரி, அவரை எப்போது பார்த்தோம் என்றுதான் வியக்கிறார்கள். இரங்கியவர்களுக்கும் அடையாளம் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் கை மட்டும் வேலை செய்திருக்கிறது.

கண்டுகொள்வது, இரங்குவது என்ற இந்த இரண்டையும் சுற்றித்தான் அன்றாடக் கிறிஸ்தவச் சிந்தனை எழுத்து காலங்காலமாகச் சுழல்கிறது. மறையுரை, பிரசங்கம், தியானக் குறிப்பு, கடிதம், நாட்காட்டி வசனம் என்று வடிவம் பல. சேலம்–நாமக்கல் சமவெளியில் இந்த எழுத்துக்கு ஏறத்தாழ 400 ஆண்டு வரலாறு உண்டு. அதைப் பார்த்துவரும்போது நான் கையில் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே: எழுத்துக்குள் ஓர் ஆள் இருக்கிறாரா?

பெயர் தேடிய காலம்

தொடக்கம் சேந்தமங்கலம். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, 1623-இல் அங்கிருந்து வடக்கே புறப்பட்டார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அடுத்து சேலம். அங்கே ஆட்சியாளரின் அண்ணன் திருமங்கல நாயக்கர் 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார்.

தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட தெ நொபிலி காவியுடுத்து, மரக்கறி உண்டு, பிராமணத் துறவிபோல் வாழ்ந்தவர். 'ஞானோபதேச காண்டம்', 'ஆத்தும நிர்ணயம்' போன்ற உரைநடை நூல்களை எழுதினார். கோவில், குரு, பூசை, அருள் என்று இந்த மண்ணில் ஏற்கெனவே புழங்கிய சொற்களைக் கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முதன்மையானவர். இயேசுவை எந்தச் சொல்லால் சொன்னால் தமிழருக்குத் தெரியும் என்பதே அவருடைய கேள்வி. அவர் எழுத்து வாதம் செய்யும், மறுக்கும், நிலைநாட்டும். இரக்கம் அதில் தத்துவமாக வருகிறது. தாகத்தோடு வாசலில் நிற்கும் ஆளாக வருவதில்லை.

அந்த வாழ்க்கை முறைக்கு ஒரு விலையும் இருந்தது. பிராமணத் துறவியாக வாழ்ந்தவரால் தாழ்த்தப்பட்ட சாதியாரோடு வெளிப்படையாகப் பழக முடியவில்லை. அதற்காகவே 1640-இல் பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் ஏற்படுத்தப்பட்டார்கள். ஒரே கிறிஸ்துவுக்குச் சாதிவாரியாக இரண்டு தூதர்கள். தமிழகத்தில் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் நிற்கும் சாதிச் சுவருக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் உறவில்லை என்று சொல்லிவிட முடியாது.

இரக்கத்துக்கு எத்தனை சொல்

1827-இல் லண்டன் மிஷன் சேலத்தில் கால் வைத்தது. முதலில் வந்த ஹென்றி கிரிஸ்ப் பள்ளிகளைத் தொடங்கினார். பின்னால் வந்த லெக்லர் தொழிற்பயிற்சிக்குப் பேர்போனவர். 1876–78 தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைச் சூறையாடியது. கஞ்சித் தொட்டிகள் திறந்த அந்தக் காலம், இரக்கத்தைப் பற்றிய சங்கடமான கேள்வி ஒன்றையும் திறந்துவிட்டது. கஞ்சி ஊற்றுவது பசிக்காகவா, ஞானஸ்நானத்துக்காகவா? 'அரிசிக் கிறிஸ்தவர்' என்ற ஏச்சுக்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கேள்விதான். இதைத் தட்டிக்கழிக்கும் எந்தச் சிந்தனை நூலும் முழுமையானது அல்ல.

இதற்கிடையில் மொழி முதிர்ந்தது. சீர்திருத்த சபையார் கிருபை, தயவு, மனதுருக்கம் என்றார்கள். கத்தோலிக்கர் அருள் என்றார்கள். இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த திருவிவிலியம், பழைய மொழிபெயர்ப்பில் மனதுருகினார் என்று இருந்த இடங்களில் பரிவு என்ற சொல்லைக் கையாண்டது. கிரேக்க மூலத்தில் அந்த வினைச்சொல்லுக்கு வேர் குடல், வயிறு. இரக்கம் அங்கே வயிற்றில் பிறக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் 'பெத்த வயிறு பத்திக்கிட்டு எரியுது' என்று சொல்வது மூலத்துக்கு மிக நெருக்கம். பரிவு நல்ல சொல்தான், ஆனால் கொஞ்சம் சலவை செய்த சொல்.

1950-இல் சேலத்தையும் உள்ளடக்கி அமைந்த தென்னிந்தியத் திருச்சபையின் கோவைப் பேராயத்துக்கு முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி. 1927-இலேயே 'கிறிஸ்டியானிட்டி அஸ் பக்தி மார்க' என்ற நூலை எழுதி, யோவான் சுவிசேஷத்தைப் பக்தி மரபின் கண்ணால் வாசித்துக் காட்டியவர். தெ நொபிலி சொல்லைக் கடன் வாங்கினார் என்றால், அப்பாசாமி உருக்கத்தையே மரபிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனாலும் அது அறிஞர் எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில்.

மலை ஏறியவர்கள்

நல்ல சமாரியன் கதையைச் சொல்லும்போது நம் பிரசங்கியார்கள் இரங்கியவன் இறங்குவான் என்று ஓர் எழுத்து வித்தியாசத்தில் விளையாடுவதுண்டு. சமாரியன் வாகனத்தைவிட்டு இறங்கித்தான் காயத்தைக் கட்டினான். நாமக்கல் பக்கத்தில் நடந்த கதையிலோ இரங்கியவர்கள் ஏறினார்கள்.

ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் இருவரும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். 1913-இல் மணம் முடித்துக் கொல்லிமலைமேல் வாழவந்தியில் வீடு கட்டிக் குடியேறினார்கள். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை இருக்கிறது. அன்று நடை, இல்லாவிட்டால் டோலி.

மலையில் நரம்புச் சிலந்தி பரவலாக இருந்தது. அசுத்தமான குடிநீரில் வரும் புழு. உடம்புக்குள் முழ நீளம் வளர்ந்து, காலில் கொப்புளம் உடைத்துத் தலைகாட்டும். பிடித்து இழுத்தால் அறுந்து உள்ளேயே சீழ் வைத்துவிடும். ஜெஸ்ஸி அதை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, பொறுமையாக வெளியே எடுப்பார். அதோடு நிறுத்தாமல், ஆட்கள் தண்ணீருக்குள் கால் வைக்க முடியாதபடி கல்கட்டிய கிணறுகளை வெட்ட வைத்தார். குச்சி ஓர் ஆளுக்கு, கிணறு ஓர் ஊருக்கு. இரக்கத்தின் இரண்டு வேலையும் இதில் அடக்கம். (இந்தியாவில் அந்த நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2000-இல் சான்றளித்தது.)

பல ஆண்டுகள் மலையில் ஒருவர்கூட மதம் மாறவில்லை. 1918–19 விஷக்காய்ச்சலில், அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் படுக்கையில் விழுந்தார். அக்கம்பக்கம் பயந்து ஒதுங்கியது. கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோன பிராண்ட் தம்பதி அவர் குடிசைக்கும் போனார்கள். சாகும் தறுவாயில் அவர் தம் பெண்குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். பஞ்ச காலத்தின் கேள்விக்கு இந்தச் சம்பவம் ஒரு பதில். திரும்ப எதையும் எதிர்பார்க்க முடியாத இடத்துக்குக் கஞ்சி போயிருக்கிறது.

ஜெஸ்ஸி 1929 ஜூன் மாதம் காய்ச்சலில் இறந்தார். படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்த மகனுக்குத் தந்தி முதலில் போனது. கப்பலில் வந்த அப்பாவின் கடிதங்கள் பிறகுதான் போய்ச் சேர்ந்தன. மலையின் மரங்களையும் பூச்சிகளையும் சொல்லி, அவற்றின் வழியே கடவுளைக் காட்டிய கடிதங்கள் அவை. இந்தச் சமவெளி தந்த சிறந்த தியான எழுத்தில் ஒரு பகுதி, ஒரு பையனுக்கு எழுதிய வீட்டுக் கடிதமாக இருந்திருக்கிறது.

எவலின் ஏறக்குறைய எழுபது வயதில், மிஷனிலிருந்து ஓய்வு பெற்றபின், தன் பொறுப்பில் மறுபடி மலையேறினார். இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974-இல், 95 வயதில் இறந்தார்.

மரத்துப்போன விரல்

அந்த மகன்தான் டாக்டர் பால் பிராண்ட் (1914–2003). வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். இந்த வரலாற்றின் உச்சம் அவருடைய எழுத்து.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு அவருக்குத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற நோயாளிச் சிறுவன் சாவியை வாங்கி ஒரே முறுக்கில் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நோயாளிகளின் விரல்கள் இரவில் குறைவதன் காரணத்தைத் தேடியபோது, தூக்கத்தில் எலி கடிப்பது தெரியவந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகிறவர் கையில் ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள். விரல் குறைவது நோய் அதைத் தின்பதால் என்ற பழைய எண்ணம் இப்படித்தான் உடைந்தது. வலி தெரியாததுதான் கேடு.

இந்தக் கண்டுபிடிப்பைத்தான் பிராண்ட் தியானமாக மாற்றினார். ஃபிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய 'ஃபியர்ஃபுல்லி அண்ட் வண்டர்ஃபுல்லி மேட்' (1980), 'இன் ஹிஸ் இமேஜ்' (1984) ஆகிய நூல்கள் திருச்சபையை ஓர் உடம்பாகப் பார்க்கின்றன. ஓர் உறுப்பின் வலி இன்னோர் உறுப்புக்குத் தெரியாவிட்டால் அந்த உடம்புக்குத் தொழுநோய். தமிழில் இதற்குத் தனி விளக்கமே வேண்டாம். மனசு மரத்துப்போச்சு என்று நாம் தினமும் சொல்கிறோம்.

நோயாளிகள் கூடியிருந்த ஒரு மாலையில் அவரைப் பேசச் சொன்னார்கள். கைகளையே எப்போதும் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசினார்: குழந்தைக் கை, உளி பிடித்துக் காய்த்த தச்சன் கை, குஷ்டரோகியைத் தொட்ட கை, ஆணி இறங்கி வளைந்துபோன கை, கடைசியில் தழும்போடு எழுந்த கை. அதுவரை துணிக்குள் ஒளித்துவைத்த கைகளை அவர்கள் வெளியே எடுத்து, குறைந்த விரல்களோடு உயர்த்திக் கும்பிட்டார்கள். தோமாவுக்கு ஆனது அன்று அவர்களுக்கும் ஆனது. தழும்பால் தெரிந்துகொண்டார்கள்.

அட்டை, நாட்காட்டி, கைப்பேசி

இன்றைய நிலைக்கு வருவோம். அச்சும் கைப்பேசியும் சேர்ந்து இந்த எழுத்தை எங்கும் கொண்டுபோய்விட்டன. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை நாமக்கல் லாரியின் முன்கண்ணாடிக்குள் வருஷம் முழுக்க இருக்கிறது. 1930-இல் உருவான சேலம் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் பங்குகளில் அன்பியம் எனப்படும் சிறு குழுக்களின் கூட்டங்கள் வீட்டுத் திண்ணைகளில் நடக்கின்றன. போப் பிரான்சிஸ் அறிவித்த இரக்கத்தின் யூபிலி ஆண்டு (டிசம்பர் 2015 – நவம்பர் 2016) இரக்கச் செயல்களை மறுபடி பேச்சில் கொண்டுவந்தது. பேச்சுக்குப் பஞ்சமில்லை.

தினச் சிந்தனையின் கட்டமைப்பு பெரும்பாலும் ஒன்றே: ஒரு வசனம், ஒரு கதை, ஒரு ஜெபம். நடுவில் வரும் கதைதான் பிரச்சினை. பனி கொட்டும் ஊர், பெயரில்லாத ராஜா, அமெரிக்கக் கோடீசுவரர். விசைத்தறிப் பட்டறை வராது, கோழிப்பண்ணைக் காவலாள் வரமாட்டார், மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடமாநிலத்தில் கிடக்கும் திருச்செங்கோட்டுப் பையன் வரமாட்டான். வாசகர் ஒரு நிமிடம் உருகுவார். அடுத்து நல்வாழ்த்துப் படம் வந்துவிடும். தெ நொபிலியிடம் வாதம் இருந்தது, பிராண்டிடம் நோயாளி இருந்தார். இந்த எழுத்தில் இரண்டும் இல்லை.

2025-இல் பள்ளிப்பாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் கட்ட முடியாமல் சிறுநீரகத்தை விற்ற விவகாரம் நாடறிந்த செய்தி ஆனது. அந்த வாரங்களில் என் கைப்பேசிக்கு வந்த தினச் சிந்தனைகளில் இரக்கம் என்ற சொல் பலமுறை இருந்தது. பள்ளிப்பாளையம் ஒருமுறைகூட இல்லை. தோமா கை போட்டுப் பார்க்கக் கேட்டது விலாக் காயத்தில். நமக்குப் பக்கத்திலேயே காவிரிக் கரையில், உடம்பில் அதே இடத்தில் தழும்போடு மனிதர்கள் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சபைகளிடமும் பங்குகளிடமும் ஒன்று கேட்கிறேன். இந்தச் சமவெளியில் வீடு வீடாக நடந்த உபதேசியார்கள், வேதாகமப் பெண்கள், மருந்தகத்தில் புண் கழுவிய கன்னியர்கள் எத்தனையோ பேர் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் யாரை, எந்த வாசலில், எந்த நிலையில் பார்த்தார்கள் என்பதை அவர்கள் பேச்சிலேயே எழுதி வாங்குங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் கொல்லிமலைக் கதையை இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுங்கள். நாளைய தினச் சிந்தனையில் கதைக்கென்று விட்ட இடத்தில் பனி ஊரை எடுத்துவிட்டுப் பக்கத்துத் தெருவை வையுங்கள்.