மைனஸ் புள்ளிகளை ரசிப்பது எப்படி?

"கால்பந்து பார்க்க ஆசைதான், எங்கிருந்து தொடங்குவதென்றுதான் தெரியவில்லை" என்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டக்வொர்த் லூயிஸ் கணக்கை டீக்கடை வாசலில் நின்றபடி விளக்குகிறவர்கள் இவர்கள். நெட் ரன்ரேட்டை மூன்றாவது தசமம் வரை மனக்கணக்காகப் போடுகிறவர்கள். கால்பந்து என்றால் மட்டும் "ஆஃப்சைடு புரியலைங்க" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அப்படியே உள்ளே வந்தாலும் மான்செஸ்டர் சிட்டி, ரியல் மாட்ரிட் என்று ஜெயிக்கிற பக்கமாகப் பார்த்துத் துண்டு போடுவார்கள். இரண்டு மாதத்தில் அலுத்துவிடும். அலுக்காமல் என்ன செய்யும்? பணக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை வாரா வாரம் புரட்டினால் யாருக்கும் அலுக்கத்தான் செய்யும்.

அடிப்படைகளை முதலில் முடித்துவிடுவோம். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் உச்சியில் பிரீமியர் லீக், 20 அணிகள். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று படிகள். ஒவ்வொன்றிலும் 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டங்கள். பிரீமியர் லீக்கின் கடைசி மூன்று அணிகள் கீழே இறங்கும். சாம்பியன்ஷிப்பின் முதல் இரண்டு நேராக மேலே போகும். அதற்கடுத்த சில அணிகள் பிளே-ஆஃப் ஆடி, அதில் ஒன்று போகும். மற்றப் படிகளிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஆஃப்சைடு நாலு மேட்ச் பார்த்தால் தானாகப் பிடிபடும். பிடிபடாவிட்டாலும் பாதகமில்லை, விஏஆர் என்ற வீடியோ நடுவர் அறையில் இருப்பவர்களுக்கே பல நாள் பிடிபடுவதில்லை. பாடம் அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புள்ளிப் பட்டியலைக் கீழிருந்து படிக்கப் பழகுங்கள்.

2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் பத்தாவதாக, அதாவது கடைசியாக முடித்தது. என்ன ஆயிற்று? கொஞ்சம் வருத்தம், நிறைய மீம்ஸ். அடுத்த ஆண்டும் அதே பத்து அணிகள், எல்லாருக்கும் அதே பூஜ்யம். கடைசி இடத்தில் நிற்பதற்கு அங்கே விலையே கிடையாது. ப்ரோ கபடியிலும் அப்படித்தான். இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசி மூன்றில் மாட்டினால் டிவி பணம் சுருங்கும், நல்ல ஆட்டக்காரர்கள் விலைபோவார்கள், ஆபீஸில் வேலை பார்ப்பவர்களின் நாற்காலி ஆடும். ஏப்ரல் மாதத்தில் சாம்பியன்ஷிப்பில் 20ஆவது இடத்துக்கும் 22ஆவது இடத்துக்கும் நடக்கும் ஆட்டத்தில் பந்தை வெளியே உதைப்பதற்கும் கால் நடுங்கும். அதைப் பார்த்தவருக்குப் பிறகு எந்தக் கோப்பை இறுதியும் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பாடம். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் அணிக்குப் புள்ளி குறைவாக இருக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, களத்தில் இழந்த புள்ளி: கோல்கீப்பர் பந்தை நழுவவிட்டார், 89ஆவது நிமிட கார்னரில் யாரும் ஆளைப் பிடிக்கவில்லை, பெனால்டி கம்பத்தில் பட்டது. மற்றது, மேசையில் பறிபோன புள்ளி: கிளப் திவாலாகி அடுத்தவர் நிர்வாகத்துக்குப் போனது, வரம்பு மீறிச் செலவழித்தது, கணக்குப் புத்தகத்தில் விளையாடியது. பட்டியலில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். டிவியில் கோட்டு மாட்டிக்கொண்டு பேசுகிறவர்களும் இரண்டையும் சேர்த்தே அரைப்பார்கள். "மனவலிமை போதவில்லை" என்பார்கள். ஆடிட்டர் வெட்டிய புள்ளியை மனவலிமை எப்படி மீட்கும் என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை. எத்தனை கோல் விழுந்திருக்க வேண்டும் என்று மதிப்பிடும் எக்ஸ்பெக்டட் கோல்ஸ் கணக்கு வைத்துக்கொண்டு அலையும் புதிய விமர்சகர்கள் இன்னும் மோசம். எல்லாவற்றுக்கும் வரைபடம் வைத்திருக்கிறார்கள், இதற்கு மட்டும் கிடையாது.

ஆகவே, ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் லீக் காட்டும் புள்ளி. வலது பக்கம் அந்தப் பதினொரு பேர் ஆடி எடுத்த புள்ளி.

லீட்ஸ் யுனைடெட்டை வைத்துப் பழகலாம். 2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போன கிளப், கடன்பட்டு ஆடிய ஆட்டம் அது. 2004இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள். 2007இல் திவால், மூன்றாம் படி. 2007-08 சீசனை மைனஸ் 15இல் தொடங்கி முதல் ஏழு ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். ஐந்தாவது வெற்றியில் அவர்கள் வந்து சேர்ந்த இடம் பூஜ்யம். வரிசையாக ஐந்து ஆட்டம் ஜெயித்துப் பூஜ்யத்தைத் தொடுவதில் இருக்கும் மிதப்பு, கோப்பை தூக்குகிறவர்களுக்கு வாய்க்காது. சீசன் முடிவில் வலது பக்கம் 91, இரண்டாவது இடம், நேரே மேலே போகவேண்டிய அணி. இடது பக்கம் 76, ஐந்தாவது இடம். பிளே-ஆஃப் இறுதியில் டான்காஸ்டரிடம் 0-1 என்று தோற்றார்கள். என் நோட்டில் அந்த ஆண்டு லீட்ஸ் மேலே போய்விட்டது.

லூட்டன் டவுன் இதைவிடக் கொடுமை. 2008-09இல் மைனஸ் 30. ஆமாம், முப்பது. ஆடி எடுத்தது 56; கையில் நின்றது 26. நான்காம் படியிலிருந்தும் கீழே, லீக் அமைப்புக்கு வெளியே விழுந்தார்கள். அதே சீசனில் வெம்ப்ளியில் ஃபுட்பால் லீக் டிராஃபி இறுதியில் ஸ்கன்தார்ப்பை 3-2 என்று வென்றார்கள். பார்க்க வந்த லூட்டன்காரர்கள் 40,000 பேருக்கு மேல். 2014இல் லீக்குக்குத் திரும்பி, 2023இல் பிரீமியர் லீக்குக்கே வந்தார்கள். அப்போதுதான் நம் ஆட்கள் சிலர் "யாருப்பா இந்த லூட்டன்?" என்று கேட்டார்கள்.

இனி நான் ஆதரிக்கும் கிளப். ஷெஃபீல்டு வென்ஸ்டே. ஏன் என்று கேட்காதீர்கள், அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். கிரிக்கெட் பிரியர்களுக்கு ஒரு தகவல் மட்டும்: இதன் தாய்வீடு 1820இல் தொடங்கிய ஒரு கிரிக்கெட் கிளப். புதன்கிழமை அரைநாள் ஓய்வில் ஆடியதால் அந்தப் பெயர். குளிர்காலத்தில் ஆட்கள் கலைந்துவிடக் கூடாதென்று 1867இல் கால்பந்தைச் சேர்த்துக்கொண்டார்கள். இந்தக் கிளப் 2017-18 கணக்கைச் சரிக்கட்ட என்ன செய்தது தெரியுமா? தன் மைதானமான ஹில்ஸ்பரோவைத் தன் உரிமையாளருக்கே விற்றது. அந்த விற்பனையை அந்த ஆண்டுக் கணக்கில் சேர்த்தது செல்லாது என்று 12 புள்ளி வெட்டினார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆயிற்று.

2021 மே மாதம், சாம்பியன்ஷிப்பின் கடைசி நாள். டெர்பி கவுன்டியும் வென்ஸ்டேவும் மோதி 3-3 டிரா. டெர்பி 44 புள்ளியோடு மயிரிழையில் தப்பியது. வென்ஸ்டே 41 புள்ளியோடு கடைசி இடம், மூன்றாம் படிக்கு இறக்கம். நோட்டைத் திறங்கள். வலது பக்கம் வென்ஸ்டே 47. அந்த 6 வெட்டப்படாதிருந்தால் அன்றைக்கு இறங்கியிருக்க வேண்டியது டெர்பி! சரி, தப்பித்தவர்கள் நிம்மதியாக இருந்தார்களா? அடுத்த சீசனிலேயே திவாலுக்கு 12, கணக்குக் குளறுபடிக்கு 9 என்று டெர்பியிடமிருந்து 21 புள்ளி போனது. வெய்ன் ரூனி மேனேஜராக நின்று 55 புள்ளி எடுத்துக்கொடுத்தார். பட்டியலில் 34. இறங்கினார்கள். ஸ்கோர் மட்டும் பார்க்கிறவருக்கு இந்த இரண்டு வருடமும் இரண்டு சாதாரண அணிகளின் சாதாரணத் தோல்வி. நோட்டு வைத்திருப்பவருக்குத்தான் யார் புள்ளியை யார் தின்றார்கள் என்று தெரியும்.

பறிப்பதிலும் வகை உண்டு. சீசன் தொடங்கும் முன்பே வெட்டினால் தாங்கிக்கொள்ளலாம், ஏறவேண்டிய மலை எதிரிலேயே தெரிகிறது. நடுவில் வெட்டுவது நரகம். 2023-24இல் எவர்ட்டன் ரசிகர்கள் பட்டது அதுதான். நவம்பரில் 10 புள்ளி வெட்டு, பிப்ரவரியில் அது 6 என்று குறைப்பு, ஏப்ரலில் இன்னொரு 2. கோல் விழுந்ததா என்று பார்ப்பதைவிட வக்கீல் என்ன சொன்னார் என்று பார்ப்பதில் பாதி சீசன் போயிற்று. எப்படியோ தப்பித்தார்கள். இதோடு ஒப்பிட, மான்செஸ்டர் சிட்டி மீது 115 குற்றச்சாட்டுகள் என்று 2023 பிப்ரவரியில் செய்தி வந்தது. கிளப் மறுக்கிறது, மறுக்கட்டும். அதன் பிறகு ஒரே சீசனில் மூன்று கோப்பை, அடுத்த ஆண்டு மறுபடி லீக் என்று வாங்கிக் குவித்தார்கள். சின்ன கிளப்புக்கு வேகமாக நடக்கும் கடிகாரம் பெரிய கிளப்புக்கு ஏன் மெதுவாக நடக்கிறது என்று கேட்டால் சிட்டி ஜெர்சி போட்ட நம் பையன்களுக்குக் கோபம் வருகிறது.

கிரிக்கெட்டில் இதெல்லாம் கிடையாதே என்று நினைப்பவர்களுக்கு: பென் ஸ்டோக்ஸும் மார்க் உட்டும் ஆடும் டர்ஹாம் கவுன்டி 2016இல் முதல் டிவிஷனில் நான்காவது இடம் பிடித்தது. பணமுடையில் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்திடம் உதவி வாங்கியதால், நான்காவதாக வந்த அணியை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கினார்கள். 2017ஐ மைனஸ் 48இல் தொடங்கச் சொன்னார்கள். ரக்பியில் சாரசென்ஸுக்கு 2019-20இல் சம்பள வரம்பை மீறியதற்காக 105 புள்ளி வெட்டு. ஆக, மற்ற விளையாட்டுகளை நான் வெறுக்கிறேன் என்று யாரும் சொல்லவேண்டாம். மைனஸ் இருக்கிற எல்லா விளையாட்டின் மேலும் எனக்கு மரியாதை உண்டு. டென்னிஸை மட்டும் விட்டுவிடுங்கள், அங்கே கிளப்பே கிடையாது. தோற்றவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

ரெக்ஸம் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கேட்பீர்கள். ஹாலிவுட் நடிகர்கள் 2021இல் வாங்கிய கிளப், ஆவணத் தொடர், மூன்று ஆண்டு தொடர்ந்து மூன்று ஏற்றம். நன்றாக எடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் கால்பந்து ரசிகராகிவிட்டதாகச் சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: திவாலுக்காக 10 புள்ளி வெட்டப்பட்ட முதல் லீக் கிளப் எது? 2004-05 சீசனின் ரெக்ஸம்தான். அந்த ஆண்டே இறங்கினார்கள். 2011இல் ரசிகர்களின் அறக்கட்டளைதான் கிளப்பைக் கையில் எடுத்துப் பத்தாண்டு காப்பாற்றி வைத்திருந்தது. நடிகர்கள் வந்தது பிறகு. படம் எடுக்கத் தகுந்த பகுதி எனக்கு அந்தப் பத்தாண்டுதான்.

இவ்வளவு தூரம் கூட வந்தவர்களிடம் மனம்விட்டுச் சொல்லலாம். 2025இல் வென்ஸ்டே ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் பல மாதங்கள் சம்பளம் தாமதமானது. ஹில்ஸ்பரோவின் வடக்கு ஸ்டாண்டு பாதுகாப்பில்லை என்று மூடிவைக்கப்பட்டது. அக்டோபர் 22 அன்று மிடில்ஸ்பரோவுக்கு எதிரான ஆட்டத்துக்கு ரசிகர்கள் வேண்டுமென்றே வரவில்லை. காலி நாற்காலிகள்தான் மேட்ச் பார்த்தன. இரண்டே நாளில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. உடனே 12 புள்ளி வெட்டு. 11 ஆட்டத்தில் சேர்த்த 6 புள்ளி மைனஸ் 6 ஆயிற்று. அன்று அந்த ஊரில் கொண்டாட்டம்! உரிமையாளர் போகிறார் என்பதால், வெட்டுப்பட்ட செய்தியைக் கேட்டு மைதான வாசலில் பாடினார்கள். காலணா கொடுக்கமாட்டோம் என்று இருந்தவர்கள் மறுநாள் கிளப் கடையில் வரிசையில் நின்றார்கள். அதன்பின் டிசம்பரில் இன்னொரு 6 போயிற்று. பறிபோன புள்ளிகளில் அந்த 12 மூன்றாவது வகை, மனதார விட்டுக்கொடுத்த புள்ளி. என் நோட்டில் இதற்குத் தனி நிற மை.

நம் பக்கம் பார்த்தால், ஐஎஸ்எல் கால்பந்து லீக்கில் பல ஆண்டுகள் இறக்கம் என்பதே நடைமுறையில் இருந்ததில்லை. 2025 ஜூலையில் அடுத்த சீசனையே நிறுத்திவைத்தார்கள். சென்னையின் எஃப்சி ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள், கிளப் தோற்பதைவிடக் கிளப் ஆடாமல் இருப்பது எப்படி வலிக்கும் என்று சொல்வார்கள். அந்த ஆட்கள்தான் நான் மேலே சொன்னதெல்லாம் பாதியிலேயே புரிந்து தலையாட்டுகிறவர்கள்.

சரி, எந்த ஆட்டத்தில் தொடங்குவது? 2023 மே, லீக் ஒன் பிளே-ஆஃப் அரையிறுதி. அந்த சீசனில் 96 புள்ளி எடுத்தும் வென்ஸ்டேவுக்கு மூன்றாவது இடம்தான் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் பீட்டர்பரோவிடம் 0-4. அதை முழுசாகப் பாருங்கள், ஹைலைட்ஸ் கூடாது, வயிறு கலங்கவேண்டும். பிறகு ஹில்ஸ்பரோவில் நடந்த இரண்டாவது ஆட்டம். 98ஆவது நிமிடத்தில் லியம் பாமர் நாலாவது கோலை அடித்துச் சமன் செய்வார். கூடுதல் நேரத்தில் மறுபடி ஒன்று வாங்கி, மறுபடி ஒன்று அடித்து, பெனால்டியில் 5-3. நாலு கோல் பின்தங்கி பிளே-ஆஃபில் மீண்டவர்கள் அதற்கு முன் யாருமில்லை.

இறுதி ஆட்டம் மே 29, வெம்ப்ளியில் பார்ன்ஸ்லியோடு, நம் நேரப்படி மாலை ஏழரை மணிக்கு. அதே நாள், அதே ஏழரை மணிக்குத்தான் அகமதாபாத்தில் சென்னைக்கும் குஜராத்துக்கும் ஐபிஎல் இறுதி. மழை அதை நள்ளிரவு தாண்டி இழுத்தது. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா அடித்த சிக்ஸரையும் பவுண்டரியையும் தமிழ்நாடே விழித்திருந்து பார்த்தது. வெம்ப்ளியில் 123ஆவது நிமிடம் வரை 0-0. பெனால்டிக்கு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஜாஷ் வின்டாஸ் பாய்ந்து தலையால் முட்டினார், 1-0. நாம் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஜடேஜாவின் பவுண்டரியை நூறு தடவை பார்த்தாயிற்று அல்லவா? இந்த சனிக்கிழமை இதைப் போட்டுப் பாருங்கள். நோட்டு பக்கத்தில் இருக்கட்டும்.