ஸஹீஹைன் மீது தாரகுத்னீயின் வினாக்கள்

ஸஹீஹுல் புகாரீயின் ஓர் ஹதீஸைக் குறித்து வினா எழுப்பினாலே ஈமானுக்கு ஊறு நேரும் என அஞ்சுவோர் நம்மிடையே உளர். 'இமாம் தாரகுத்னீயே குறை கண்டிருக்கிறாரே' எனச் சொல்லித் தமக்கு ஒவ்வாத ஹதீஸ்களைத் தள்ளுவோரும் உளர். இரு சாராரும் அந்த இமாமின் நூலைப் புரட்டிப் பார்த்ததற்கான தடயத்தை நாம் காண்பது அரிது.

பக்தாதில் 'தாருல் குத்ன்' எனும் பகுதியில் ஹிஜ்ரி 306இல் (கி.பி. 918) பிறந்து, 385இல் (கி.பி. 995) மறைந்தவர் இமாம் தாரகுத்னீ (ரஹ்). அவரது 'அல்-இல்ஸாமாத் வத்-ததப்புஉ' இரு பகுதிகளைக் கொண்டது. புகாரீ, முஸ்லிம் இருவரின் நிபந்தனைக்கு உட்பட்டிருந்தும் அவர்கள் சேர்க்காமல் விட்டவற்றை முதற்பகுதி எடுத்துக்காட்டுகிறது. அவர்கள் சேர்த்தவற்றுள் ஏறத்தாழ இருநூறு அறிவிப்புகளை இரண்டாம் பகுதி ஆராய்கிறது. 'இதையும் சேர்த்திருக்க வேண்டும்' எனக் கேட்பவரை அந்நூல்களின் பகைவர் எனல் எங்ஙனம் பொருந்தும்?

அவருடைய வினாக்களிற் பெரும்பாலானவை மத்ன் எனும் மூலவாசகத்தைத் தொடுவதேயில்லை. அறிவிப்பாளர் தொடர் முழுமையானதா, இடையில் அறுந்ததா? அது அண்ணலாரின் (ஸல்) கூற்றா, நபித்தோழரின் கூற்றா? இவையே அவரது கவலை.

ஓர் எடுத்துக்காட்டு. அண்ணலாருக்கு 'லுஹைஃப்' எனும் குதிரை இருந்ததென ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) கூறுவதை, அவர்தம் பேரர் உபை பின் அப்பாஸ் தம் தந்தை வழியாக அறிவிக்கிறார். உபை பலவீனமானவர் என்கிறார் தாரகுத்னீ. சட்டமுமில்லை, கொள்கையுமில்லை, ஒரு குதிரையின் பெயர்! அதற்கும் தராசு தூக்கப்பட்டது.

இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ (ஹி. 852/கி.பி. 1449) 'ஃபத்ஹுல் பாரீ'யின் முன்னுரையான 'ஹத்யுஸ் ஸாரீ'யில், புகாரீயில் விமர்சிக்கப்பட்டவை 110 எனவும் அவற்றுள் 32 முஸ்லிமிலும் உள்ளன எனவும் கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் விடை கூறுகிறார். உபையின் சகோதரர் அப்துல் முஹைமினும் இதனை அறிவித்துள்ளார் என்பது இங்கு அவர் தரும் விடை. அது நமக்கு நிறைவளிக்கவில்லை. அப்துல் முஹைமினையும் இப்னு ஹஜரே வேறோரிடத்தில் பலவீனர் என்கிறார். இதனினும் வலுவான விடை புகாரீயின் பாட அமைப்பிலேயே இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. குதிரை, கழுதை ஆகியவற்றுக்குப் பெயரிடுதல் பற்றிய பாடம் அது. அபூ கதாதாவின் (ரலி) 'ஜராதா' எனும் குதிரையும், அண்ணலாரின் 'உஃபைர்' எனும் கழுதையும் அங்கேயே வேறு ஸனத்களில் வருகின்றன. உபையின் அறிவிப்பை எடுத்துவிட்டாலும் பாடம் சரியாது. உபையிடமிருந்து இந்த ஒன்றைத் தவிர வேறெதையும் புகாரீ ஏற்கவுமில்லை.

புகாரீக்காக வழக்காட வந்த இப்னு ஹஜர், பெரும்பாலானவற்றுக்கு விடை தெளிவானது, சிலவற்றுக்கு விடை கூற இடமுண்டு, மிகச் சிலவற்றில் விடை வலிந்து கூறுவதாகவே அமையும் என வெளிப்படையாக எழுதினார். அதனால் ஸஹீஹுல் புகாரீயின் மதிப்பு அணுவளவும் குன்றவில்லை.

தமிழ் வாசகருக்கோ இவ்வழக்கு கண்ணிற் படுவதேயில்லை. நம் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் நபித்தோழரின் பெயரோடு ஸனதை நிறுத்திவிடுகின்றன. லுஹைஃப் பற்றிய ஹதீஸின் கீழ் ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) இருப்பார். தாரகுத்னீ எவரைக் குறித்து வினவினாரோ அந்த உபை அங்கு இருக்கமாட்டார்.