உறைந்த வடிவம், ஊகித்த அசைவு

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசு பெற்றபோது நம் பத்திரிகைகள் ஊரைக் கொண்டாடின, நுண்ணுயிரை மறந்தன. 30எஸ் ரைபோசோம் வடிவத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது தெர்மஸ் தெர்மோஃபிலஸ். ஜப்பானிய வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த, 70 பாகை செல்சியஸை ஒட்டிச் செழிக்கும் பாக்டீரியம் அது. அதே கேம்பிரிட்ஜில் லியோனிட் சசனோவ் குழு அதே உயிரை நம்பி இறங்கிய வேலை ஒருவகையில் இன்னும் கடினம். ரைபோசோம் நீரில் கரையும். காம்ப்ளெக்ஸ்-1 என்ற சுவாச நொதியோ சவ்வில் பாதி புதைந்தது. கொழுப்பிலிருந்து பிரித்து டிடர்ஜென்டில் இட்டால் எளிதில் குலைந்துவிடும்.

வெப்பவிரும்பியைத் தேர்ந்ததன் நியாயம் இங்கே வலுவானது. கொதிநிலையை நோக்கிய சூட்டிலும் குலையாத புரதம், அறைச்சூட்டில் விறைப்பாக நிற்கும். நல்ல படிகம் தரும். மனித நொதிக்கு 45 துணையலகுகள், தெர்மஸ் நொதிக்கு 16. 2006இல் நொதியின் நீர்ப்புறக் கை, 2010இல் 4.5 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் முழு உரு, 2013இல் 3.3 ஆங்ஸ்ட்ராமில் 64 சவ்வுச் சுருள்களோடு முழு நொதி. இந்தப் படிமுறை வளர்ச்சியில் அவசரம் இல்லை. வடிவம் என்ற அளவில் குறை சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை.

சிக்கல் விளக்கத்தில். இரண்டு எலக்ட்ரான்கள் நீர்ப்புறக் கையில் இறங்க, நூறு ஆங்ஸ்ட்ராமுக்கும் அப்பாலுள்ளவை உட்பட, சவ்விலுள்ள பம்புகள் நான்கு புரோட்டான்களைக் கடத்துகின்றன. இரண்டையும் பிணைக்கும் இந்த இணைப்பில் செய்தி எப்படிப் போகிறது? சவ்வை ஒட்டிக் கிடைமட்டமாக நீளும் ஒரு சுருளை, 2010 கட்டுரை நீராவி எஞ்சினின் இணைப்புத் தண்டாக வாசித்தது. அழகான உவமை, அதுவே அதன் ஆபத்து. 4.5 ஆங்ஸ்ட்ராமில் சுருள் தெரியும், பக்கச் சங்கிலி தெரியாது. அசைவு எந்தத் துல்லியத்திலும் ஒற்றைப் படத்தில் தெரியாது. ஈ.கோலையில் அச்சுருளை மாற்றிப் பார்த்தார்கள், பம்பு நிற்கவில்லை. 2013இல் விளக்கத்தின் கனம் சவ்வின் நடுவே ஓடும் நீர்விரும்பி அச்சுக்கும், எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் குயினோன் வந்தமரும் அறைக்கும் நகர்ந்தது. ஆசிரியர்களே நிலையைத் திருத்திக்கொண்டது நேர்மை. ஆனால் திருத்தம் தேவைப்பட்டது ஏன் என்பது முறையியல் கேள்வி. படிகத்துக்கு உதவிய அதே விறைப்பு, இயக்கத்தை மறைக்கிறது.

குயினோன் விளக்கமும் முழுமையல்ல. 100 பாகையில் வளரும் பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸின் சவ்வு ஹைட்ரஜனேஸ், காம்ப்ளெக்ஸ்-1க்கு மூத்த உறவு. 2018இல் மைக்கேல் ஆடம்ஸும் கூட்டாளிகளும் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அதன் 14 துணையலகுகளைக் காட்டினார்கள். 3.7 ஆங்ஸ்ட்ராம்தான், ஆயினும் வாதத்தில் அது கூர்மையானது. அந்த நொதி குயினோனைத் தொடுவதில்லை. எலக்ட்ரானைப் புரோட்டானிடமே கொடுத்து ஹைட்ரஜன் வாயுவை விடுகிறது. அப்படியும் அயனியைக் கடத்துகிறது. குயினோன் அறை இல்லாமலும் இணைப்பு நடக்கிறதென்றால், அந்த அறையை இணைப்பின் பொதுக் காரணமாக்க இடமில்லை.

என் தீர்ப்பு: உறுப்பு எது, எங்கே என்ற வினாவுக்கு வெப்பவிரும்பியின் சாட்சியம் முதல் தரம். எப்படி அசைகிறது என்பதற்கு அது துணைச் சாட்சியம் மட்டுமே. 2020இல், வினை நடக்கும் நிலையிலேயே உறையவைத்த பல வடிவங்களைப் பிடித்து இணைப்பியக்கத்தை எழுத முனைந்தபோது, சசனோவின் ஆய்வுக்கூடம் எடுத்துக்கொண்டது செம்மறியாட்டின் நொதியை.