கோள்கள் 'ஓம்' சொல்வதில்லை

1977இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பப்பட்ட தங்கத்தட்டில் இசைக்குத் தனிப் பகுதி உண்டு. பாக் இருக்கிறார், கேசர்பாய் கேர்கர் இருக்கிறார். லாரி ஸ்பீகலின் 'கெப்ளரின் உலகங்களின் இசைவு' மட்டும் அங்கே இல்லை. மழை, தவளை, ரயில் சத்தங்களோடு 'பூமியின் ஒலிகள்' பகுதியில், முதல் ஒலியாக அதன் சிறு துண்டைச் சேர்த்திருக்கிறார்கள்.

கேட்டால் காரணம் புரியும். மெட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. சில ஒலிக்கோடுகள் வழுக்கி ஏறுகின்றன, இறங்குகின்றன. சைரன் மாதிரி இருக்கே என்றுதான் முதலில் தோன்றும்.

கோள்கள் இசைக்கின்றன என்பது பித்தாகரஸ் மரபின் பழைய நம்பிக்கை. 1619இல் வெளியான நூலில் கெப்ளர் அதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார். சூரியனுக்கு அருகில் வரும்போது கோள் வேகமாகப் போகும், விலகும்போது மெதுவாகும். இந்த இரண்டு வேகங்களின் விகிதத்தை அவர் சுர இடைவெளியாக எடுத்துக்கொண்டார். சனிக்கு 4:5. பூமிக்கு 15:16. நமக்குப் பழகிய சொல்லில், அந்தர காந்தாரத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் உள்ள தூரம். சங்கராபரணத்தில் க-ம-க பாடினால் பூமியின் ஒரு வருடத்தைப் பாடியாச்சு. கெப்ளருக்கோ அந்த 'மி-ஃபா-மி'யில் லத்தீனில் துயரமும் பசியும் கேட்டன. முப்பதாண்டுப் போர் தொடங்கியிருந்த நேரம் அது.

கெப்ளர் கோள்களைத் தனித்தனிச் சுரங்களாக எழுதினார். ஆனால் கோள் சுரத்துக்குச் சுரம் தாவாது, வழுக்கித்தான் போகும். பெல் ஆய்வகக் கணினியில் ஸ்பீகல் அந்த வழுக்கலை அப்படியே விட்டுவிட்டார். காதுக்கு இதமாகச் சுருதி திருத்தவில்லை. அதனால் இசைவு கணநேரம் வந்துபோகிறது. மீதியெல்லாம் ஊளை. ஆறு கோள்களும் ஒன்றாக இசைவது மிக அரிது, ஒருவேளை படைப்பின்போது ஒருமுறை நடந்திருக்கலாம் என்று கெப்ளரே கருதினார். அவர் எழுத்தில் சொன்ன அந்த அபூர்வத்தை ஸ்பீகல் காதில் விழவைக்கிறார். விதி பிடிபட்ட பிறகு நடுவில் சலிப்பு தட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதில் ஏமாற்று இல்லை.

இது ஏன் நமக்கு முக்கியம்? நம் குடும்பப் புலனக் குழுக்களில் இன்னொரு 'பிரபஞ்ச இசை' சுற்றிக்கொண்டே இருக்கிறது. சூரியன் 'ஓம்' என்று ஒலிப்பதை நாசா பதிவு செய்துவிட்டதாம். 2020இல் புதுச்சேரியின் அப்போதைய துணைநிலை ஆளுநரே அந்தக் காணொளியைப் பகிர்ந்தார்.

நிஜத்தில் நாசாவின் பங்கு உள்ள ஒரு சூரிய ஒலி இருக்கத்தான் செய்கிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. சோஹோ விண்கலம் சேகரித்த 40 நாள் தரவை ஸ்டான்ஃபர்டு ஆய்வாளர்கள் 42,000 மடங்கு வேகப்படுத்தினார்கள். 300 நொடிக்கு ஓர் அதிர்வு. 42,000 மடங்காக்கினால் 140 ஹெர்ட்ஸ், ஓர் ஆணின் குரல் அளவு. 60,000 மடங்காக்கியிருந்தால் 200 ஹெர்ட்ஸ், பெண் குரல் ஆகியிருக்கும். சூரியனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெருக்கும் எண்ணை முடிவு செய்தது மனிதர்கள்.

முடிவு செய்வதில் தப்பே இல்லை. ஸ்பீகலும் அதைத்தான் செய்தார். எந்த எண் எந்த ஒலியானது என்பதைத் தன் தலைப்பிலேயே, கெப்ளரின் பெயரோடு, வெளியே வைத்தார். 'ஓம்' காணொளி அந்த இடத்தைத்தான் மறைக்கிறது. மறைத்ததும் இசை, முன்னோர்களுக்கு நாம் வாங்கித் தரும் சான்றிதழாகச் சுருங்கிவிடுகிறது. சான்றிதழை யாரும் இரண்டாம் முறை காது கொடுத்துக் கேட்பதில்லை.

ஸ்பீகலின் முழு வடிவம் 2012 மறுவெளியீட்டில் இருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். சனி சூரியனை ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் புதன் 122 முறை சுற்றிவிடும். அந்த அவசரத்தையும் அந்த நிதானத்தையும் ஒரே நேரத்தில் கேட்க முடிகிறதா என்று பாருங்கள்.